பாட்டுக்கு முன்னால் ஒரு சதுரம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பழைய இசைத்தட்டு உறைகளைப் பற்றி இரண்டே வரி போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்து குவிந்த கடிதங்கள், இம்மாதம் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ள என்னை விடவில்லை. ஆகவே இப்பகுதி முழுவதும் இசைத்தொகுப்புகளின் உறைகளுக்கே ஒதுக்கப்படுகிறது.

*வாசகர், செந்தூல், கோலாலம்பூர்: காதால் கேட்கும் பொருளுக்குக் கண்ணுக்கு எதற்கு விருந்து? உறை நன்றாக இருந்தால் பாட்டும் நன்றாகிவிடுமா? இது வெறும் வியாபார உத்திதானே, ஐயா?*

வியாபார உத்தியாகத்தான் தொடங்கியது, அதை மறுப்பதற்கில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளின் காலத்தில், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைக்கு மேல் அடங்காது. நீண்ட இசையை விற்க வேண்டுமானால், பல தட்டுகளைப் புகைப்படம் ஒட்டும் ஏடு போன்ற ஒன்றில் வரிசையாகச் செருகித் தர வேண்டும். இன்று கைப்பேசியில் கேட்கும் பாடல் வரிசையைக்கூட நாம் 'ஆல்பம்' என்கிறோமே, அந்தச் சொல் வந்த வழி அதுதான். அந்த ஏடுகளின் மேலட்டை பெரும்பாலும் பழுப்பாகவோ பச்சையாகவோ, மளிகைக் கடைப் பேரேடு மாதிரி இருந்தது. 1940ஆம் ஆண்டுவாக்கில், அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், ராட்ஜர்ஸ், ஹார்ட் ஆகிய இருவரின் பாடல் தொகுப்புக்காக, நியூயார்க்கின் இம்பீரியல் நாடக அரங்கின் வாசல் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்றி வைக்கச் சொல்லி, அதைப் படமெடுத்து அட்டையில் போட்டார். படம் போட்ட உறை என்ற வழக்கம் அவரிடமிருந்து தொடங்கியதாகத்தான் இத்துறையில் சொல்வார்கள்.

உறை பாட்டை நன்றாக்காது. ஆனால் எந்தக் காதோடு நாம் கேட்க உட்காருகிறோம் என்பதை மாற்றிவிடும். வாழையிலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்ததுமே, வரப்போவது விருந்து என்று நாக்கு தயாராகிவிடுகிறது, பரிமாறுவது பிறகுதான். 2013இல் உளவியலாளர் ஸ்டீபன் பால்மரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாக், மொசார்ட், பிராம்ஸ் ஆகியோரின் 18 இசைப்பகுதிகளை ஒலிக்கவிட்டு, 37 நிறங்களிலிருந்து பொருந்தும் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வேகமான, மகிழ்ச்சியான இசைக்கு இரு நாட்டாரும் வெளிச்சமான, செறிவான, மஞ்சள் சாய்ந்த நிறங்களையே எடுத்தார்கள். மெதுவான, சோகமான இசைக்கு இருண்ட, மங்கிய, நீலம் சாய்ந்த நிறங்கள். ஒலியையும் நிறத்தையும் இணைத்துக் கட்டும் கயிறு உணர்ச்சிதான் என்பது அவர்கள் முடிவு. வடிவமைப்பாளர் இழுப்பது அந்தக் கயிற்றைத்தான்.

*வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு: லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிறு காலை, பழைய தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகள் சிலவற்றை வாங்கி வந்தேன். சோகப் பாட்டானாலும் காதல் பாட்டானாலும் உறையில் கதாநாயகனும் கதாநாயகியும்தான் இருக்கிறார்கள். நம் உறைகள் இசையின் மனநிலையைச் சொல்லவே இல்லையா?*

நீங்கள் கவனித்தது சரி, அம்மா. அந்த ஏழு அங்குலத் தட்டு, திரைப்படத்தின் ஒரு கை. கடைக்கு வருபவர் படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு அதில் இருக்கும். ஒன்று தாலாட்டு, ஒன்று மழை நடனம், ஒன்று பிரிவு, ஒன்று நகைச்சுவை. இந்த நான்குக்கும் பொதுவான ஒரு மனநிலையை எந்த ஓவியராலும் வரைய முடியாது. முகம்தான் அவர்களுக்கு அகப்பட்ட பத்திரமான பொது அம்சம்.

ஆனாலும் படத்தை விட்டுவிட்டு, தலைப்பு எழுத்தைப் பாருங்கள். அவை அச்சு எழுத்துகள் அல்ல. சுவரொட்டி எழுதிய கைகள் தூரிகையால் வரைந்தவை. குடும்பக் கதைக்கு எழுத்து நிமிர்ந்து, கனமாக, கோவில் தூண் மாதிரி நிற்கும். நகைச்சுவைப் படத்துக்கு எழுத்துகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக் குதிக்கும். பேய்ப் படத்துக்குக் கால்கள் ஒழுகும். படம் சொல்லாத மனநிலையை எழுத்து சொல்லிக்கொண்டிருந்தது. நம் மரபில் உறையின் குரல் பெரும்பாலும் எழுத்தில்தான் இருந்தது என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். இதை எழுதும்போது என் மேசையில் அத்தகைய ஓர் உறை கிடக்கிறது. மேல் விளிம்பில் பளபளப்புத் தாள் உரிந்து சுருண்டிருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்று கதாநாயகியின் கன்னத்தில் பழுப்புப் புள்ளிகளை வைத்திருக்கிறது. பின்பக்கத்தில் நீல மையில் யாரோ ஒருவரின் கையெழுத்தும், 'கேட்டுவிட்டுத் திருப்பித் தரவும்' என்ற வேண்டுகோளும் இருக்கின்றன. திருப்பித் தரப்படவில்லை என்பது தெளிவு. இன்று நமக்கு இந்த உறையில் தெரியும் ஏக்கம், வரைந்தவர் வைத்ததன்று, ஆண்டுகள் வைத்தது. அதை வடிவமைப்பின் வெற்றி என்று எழுதுபவர்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

*மாணவர், பெட்டாலிங் ஜெயா: வரைகலை படிக்கிறேன். இசையின் உணர்வை உண்மையாகவே கொண்டுவந்த உறைகள் என்று எவற்றைப் பார்த்துக் கற்கலாம்?*

இரண்டு உறைகளும் ஒரு நிறுவனமும் போதும். ஐம்பது பார்த்தால் ஐம்பதும் மறந்துவிடும்.

முதலாவது, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் கூடத்தின் வேலை. கறுப்புப் பரப்பில் ஒரு முப்பட்டகம். ஒரு பக்கம் வெள்ளை ஒளிக்கீற்று நுழைகிறது, மறுபக்கம் நிறங்களாக விரிகிறது. (வானவில்லுக்கு ஏழு நிறம் என்று படித்தவர்கள் எண்ணிப் பாருங்கள், இங்கே ஆறுதான்.) முன்பக்கத்தைத்தான் எல்லாரும் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பாடம் இருப்பதோ உள்ளே. மடிப்பு உறையைத் திறந்தால், அந்த நிறக்கோடுகள் உட்பக்கத்துக்கும் ஓடிவருகின்றன. அவற்றுள் ஒன்று இதயத் துடிப்பின் வரைபடமாக எழுந்து தாழ்கிறது. தட்டைப் போட்டால் முதலில் கேட்பதும், கடைசியில் தேய்ந்து மறைவதும் இதயத் துடிப்பே. கை உறையைத் திறப்பதும் காது இசைக்குள் நுழைவதும் ஒரே செயலாக அங்கே இணைகின்றன.

இரண்டாவது, ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்னோன் பிளெஷர்ஸ்', 1979. 1.3 விநாடிக்கு ஒருமுறை வானொலி அலையாகத் துடிக்கும் ஒரு விண்மீனின் அடுத்தடுத்த 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வானியலார் வரைந்திருந்த படம் அது. ஒரு கலைக்களஞ்சியத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்ததை, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளையாக்கினார். சொரசொரப்பான தாளில் அச்சிட்டார். பெயரை முன்பக்கத்தில் போடவில்லை. அவர் வரைந்தது என்று ஒன்றும் இல்லை. நிறத்தைத் திருப்பியதும் தாளைத் தேர்ந்ததும் மட்டுமே. ஆனால் அந்தக் குழுவின் இசையில் உள்ள குளிரும் தூரமும் சலிக்காமல் திரும்பத் திரும்ப அடிக்கும் தாளமும், அந்தக் கோடுகளில் அப்படியே இருக்கின்றன.

அடுத்தது அந்த நிறுவனம்: மன்ஃபிரெட் ஐஹர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம். அவர்களுடைய குறுந்தட்டுகள் பலவற்றில், இசை தொடங்கும் முன் ஏறத்தாழ ஐந்து விநாடி மௌனம் இருக்கும். உறைகளும் அதே மாதிரிதான்: மங்கிய கடல், ஆளில்லாத சாலை, ஓரத்தில் சிறிய எழுத்து. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் கண்ணுக்கான ஐந்து விநாடி.

செய்யக்கூடாததற்கும் ஒன்று சொல்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றின் உறையில், கால்சட்டைப் படத்தின்மேல் உண்மையான ஜிப் வைத்தார்கள். பெட்டியில் அடுக்கி அனுப்பியபோது, ஜிப்பின் தலை அடுத்த தட்டை அழுத்திப் பாட்டைக் கெடுத்தது. பிறகு, அழுத்தம் நடுவிலுள்ள காகித வட்டத்தின்மேல் விழுமாறு ஜிப்பைப் பாதி இறக்கி வைத்து அனுப்பினார்கள். இசைக்காக வந்த உறை இசையையே கீறிய கதை இது.

*இளம் இசைக்குழுவினர், பிரிக்பீல்ட்ஸ்: மழையை மையமாக வைத்து ஆறு பாடல்கள் பதிவு செய்திருக்கிறோம். இருநூறு பிரதிகள் மட்டும் குறுந்தட்டாகப் போட எண்ணம். நண்பர் ஒருவர் அட்டை வரைந்து கொடுத்தார். மழை, மின்னல், கிதார், மிருதங்கம், எங்கள் ஐவரின் படம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் பாட்டு அதில் இல்லை. என்ன குறை?*

நீங்கள் அனுப்பிய மூன்று பாடல்களையும் கேட்டேன்; அட்டையையும் பார்த்தேன். குறை ஒன்றுமில்லை, தம்பி. மிகுதிதான்.

பள்ளியில் படித்த ஐந்திணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் பறையும் யாழும் கருப்பொருள். இவற்றுக்கு நடுவே உயிராக நிற்பது உரிப்பொருள். முல்லைத் திணைக்குக் கார்காலமும் மாலையும் உரியவை என்றாலும், முல்லை என்பது மழையன்று; மழை வந்துவிட்டதே, அவன் இன்னும் வரவில்லையே என்று இருத்தல்தான் முல்லை. உங்கள் நண்பர் கருப்பொருளை எல்லாம் ஒன்று விடாமல் அடுக்கிவிட்டார். உரிப்பொருள் அட்டைக்கு வரவில்லை. உங்கள் பாடல்களில் நான் கேட்டது இடியும் மின்னலுமா என்றால், இல்லை. மிருதங்கம் தயங்கித் தயங்கி வருகிறது. பாடுபவர் வரிக்கு வரி நெடுநேரம் நிறுத்துகிறார். மழைக்கு ஒதுங்கிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரின் பொறுமை அதில் இருக்கிறது. மின்னல் போட்ட அட்டையைப் பார்த்துவிட்டு இதைக் கேட்பவர், முதல் பாட்டிலேயே ஏமாறுவார்.

ஆகவே முதலில் படத்தைத் தேடாதீர்கள். ஆறு பாடல்களையும் விளக்கை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேளுங்கள். கேட்கும்போது 'எதைப் பற்றி' என்று எழுதாமல், 'எப்படி நடக்கிறது' என்று எழுதுங்கள்: மெதுவா, நெருக்கமா, இடைவெளி உண்டா, குரல் அருகில் கேட்கிறதா தூரத்திலா. நியூயார்க்கின் புளூ நோட் நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான ஜாஸ் உறைகளைச் செய்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய நாட்டமில்லை. அவர் ரசித்தது மேற்கத்தியச் செவ்வியல் இசை. பதிவுக்கூடத்தில் இருந்த ஆல்ஃபிரட் லயன் அந்த இசை எப்படிப்பட்டது என்று வாயால் சொல்வார். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் கையில் இருக்கும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் மைல்ஸ், ஒன்றிரண்டு நிறங்களில், படத்தை முக்கால்வாசி வெட்டியெறிந்து, எழுத்தையே தாளம் போடவைத்தார். நல்ல விவரிப்பு இருந்தால் அது போதும். நண்பரிடம் அட்டையைத் திருத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய தாளைக் கொடுங்கள்.

ஐவரின் படத்தை உள்ளே வைத்துவிடலாம். உங்கள் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வெளியே ஒரு பொருள் போதும், அதுவும் ஓரத்தில். நடுவில் கிடக்கும் வெற்றுப் பரப்புத்தான் உங்கள் பாடகர் நிறுத்தும் அந்த நெடுநேரம்.

எழுத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்து, அமைதி தெரியட்டும் என்று எழுத்துகளுக்கிடையே அகல இடைவெளி விடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. தமிழில் இது ஆபத்து. 'மேகம்' என்று அப்படி விரித்தால், கொம்பு ஓர் ஊரிலும் மகரம் ஓர் ஊரிலும் நிற்கும். துணைக்கால் தன் மெய்யை விட்டு விலகினால் ரகரம் போலத் தெரியும்; 'கானல்', 'கரனல்' ஆகிவிடும். இடைவெளி வேண்டுமானால் சொல்லைச் சுற்றி விடுங்கள், சொல்லுக்குள் விடாதீர்கள். உங்கள் இசைக்குக் கூரான, மெலிந்த எழுத்தைவிட உருண்டை சுழிகள் நன்கு தெரியும் எழுத்து பொருந்தும். முடிந்தால் கையால் எழுதச் சொல்லுங்கள்.

இனி அச்சு. இருநூறு பிரதிக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். திறக்கும்போது 'படக்' என்று ஒரு சத்தம் வரும், உங்கள் முதல் பாட்டின் மெல்லிய தொடக்கத்துக்கு அது பகை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டையில் மடிப்பு உறையாகப் போட்டு, பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கொடுங்கள். பூச்சே இல்லாத தாள் தொடுவதற்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்கலாம்.

சோதனை அச்சு பார்க்காமல் 'போடுங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். தொண்ணூறுகளில் ஒரு தாலாட்டுத் தொகுப்புக்கு நான் கேசட் அட்டை செய்தேன். நள்ளிரவு நீலத்தில் ஒரு தொட்டில், வேறொன்றுமில்லை. கணினித் திரையில் அந்த நீலம் அவ்வளவு ஆழமாக இருந்தது. நேரம் இல்லை என்று சோதனை அச்சைத் தவிர்த்தேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மையைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஒளிரும் நீலம் அந்தக் கலவையில் ஊதாவாகச் சாயும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். அதன்மேல் அச்சகத்தார் கேட்காமலே பளபளப்பு வேறு பூசிவிட்டார்கள். கடையின் குழல்விளக்கு அதில் பட்டபோது, குழந்தையைத் தூங்கவைக்க வந்த அட்டை ஜவுளிக்கடை விளம்பரம் போல மின்னியது. பாடிய அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தார், ஒன்றை எடுத்துப் பார்த்தார், மூடிவிட்டார்.

*வாசகர், பட்டர்வொர்த்: பக்திப் பாடல் உறைகள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக, தெய்வத்தின் பின்னால் ஒளிவட்டத்தோடு இருக்கின்றன?*

பலர் அதைப் பூஜை அறையில் வைப்பதால். அங்கே அது உறை அன்று, படம். ஆகவே மங்கலமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் பக்தி என்பது ஒரே மனநிலை அன்று. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது முதல், அது கேட்கப்படும் நேரம் விடியற்காலை. தைப்பூசத்தன்று காவடிக்குப் பாடும் பாட்டின் நேரம் உச்சிவெயில். இரண்டுக்கும் ஒரே செம்மஞ்சளைப் பூசினால், துயிலெழுப்பும் பாட்டுக்கு விடியலே இல்லாமல் போகிறது. விடியற்காலைச் சாம்பல் நிறத்தில் ஒரு பக்தி உறையை யாராவது துணிந்து போட்டால், முதல் பிரதியை நான் வாங்குவேன்.

*வாசகர், கிள்ளான்: இப்போது யாரும் தட்டு வாங்குவதில்லை. கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் படம் தெரிகிறது. இன்னும் இந்தப் பேச்சு தேவையா?*

சுருங்குவது புதிதன்று. முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் இருந்த உறை கேசட்டுக்கு வந்தபோதே, ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, குறுந்தட்டில் கொஞ்சம் மீண்டது, இப்போது நகம். போனது அளவு மட்டுமன்று, தொடுதலும் திறத்தலும் பின்பக்கமும். இருப்பது ஒரு முகப்பும் நிறமும். ஆகவே வரைந்ததை மூவாயிரம் பிக்சலில் பார்த்து மகிழ்வதற்கு முன், கைப்பேசியில் பாடல் பட்டியலுக்கு நடுவே வைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாமல் போகலாம். அது தூங்கவைக்கும் பாட்டா ஆடவைக்கும் பாட்டா என்பது அப்போதும் தெரிய வேண்டும்.

*வாசகி, ஈப்போ: காலஞ்சென்ற என் தாயார் வானொலியிலிருந்து பாட்டுப் பதிந்து வைத்த கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அட்டை எல்லாம் அவர் கையால் எழுதியவை. சில நீல மை, சில சிவப்பு மை. மகன் அழகாகப் புது அட்டை அச்சடித்துத் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?*

செய்ய வேண்டாம், அம்மா. முதலில் அவற்றைப் பரப்பி வைத்து, சிவப்பு மையில் எழுதியவற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தோடு வந்த ஐந்து அட்டைப் படங்களில், நீல மையில் உள்ள மூன்றில் பாட்டின் பெயர்கள் நெருக்கி நெருக்கி, ஓர் அங்குலத்தில் ஆறு வரியாக இருக்கின்றன. சிவப்பு மையில் உள்ள இரண்டில் பக்கத்துக்கு நான்கே பாட்டு, வரிக்கு வரி இடம் விட்டு, கடைசி எழுத்தின் வாலை நீட்டி எழுதியிருக்கிறார். அவர் எந்தப் பாட்டை வேலை செய்துகொண்டே கேட்டார், எதை உட்கார்ந்து கேட்டார் என்பது அதில் இருக்கலாம். மகனிடம் அட்டைகளை 600 டிபிஐ அளவில் வருடியெடுத்துத் தரச் சொல்லுங்கள். நாடாக்களையும் காலம் கடத்தாமல் கணினிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். சிவப்பு மை நீலத்தைவிடச் சீக்கிரம் வெளிறும். அந்த அட்டைகளை வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள்.